மறைந்தவனை நம்பாதீர்!

கண்ணுக்குத் தெரியாத மனிதனைப் பற்றிய படம் ஒன்று ஓடினால் போதும், ஈஜோக்கிலும் புக்கிட் ரோத்தானிலும் நம்மவர் சிலர், இதையெல்லாம் நம் சித்தர்கள் அஞ்சன மையாலும் குளிகையாலும் அன்றே செய்துவிட்டனர் என்று மார்தட்டப் புறப்பட்டுவிடுவர். அங்ஙனமாயின், அந்த மையைப் பூசிக்கொண்டு ஒரு தமிழனாவது கங்காணியின் கடன் கணக்கிலிருந்து மறைந்ததுண்டா என்று கேட்கிறோம்.

எச். ஜி. வெல்ஸ் 1897 இல் எழுதிய நாவலில் வரும் கிரிஃபின், தன் உடல் மறையும் முன்பே பெற்ற தகப்பனிடம் திருடியவன். அப்பணம் பிறருடையது, கிழவர் தம்மைத் தாமே சுட்டுக்கொண்டு மாண்டார். ஆகவே அவனைக் கெடுத்தது மருந்தன்று. கேட்பாரற்ற நிலை அவனுக்குத் துணிவைத் தந்தது, அவ்வளவே. 1933 இல் ஜேம்ஸ் வேல் எடுத்த படமோ 'மோனோகேன்' என்றொரு மருந்தின் தலையில் பழியைப் போட்டுவிட்டது. இறுதிக் காட்சி வரை முகம் காட்டாது குரலாலேயே நடித்த கிளாட் ரெயின்ஸின் திறமையை நாம் மறுக்கவில்லை. ஆயினும் மருந்தால் வந்த பைத்தியம் என்று சொல்லிவிட்டால், அதிகாரத்தை ஒருவரும் கேள்வி கேட்க வேண்டியதில்லையன்றோ!

இந்தியப் படக்காரர்கள் இன்னும் ஒருபடி மேலே போயினர். 1987 இல் வந்த 'மிஸ்டர் இந்தியா'வும், அதைத் தழுவிப் பாக்கியராஜ் நடித்த 1989 ஆம் ஆண்டின் 'என் ரத்தத்தின் ரத்தமே'யும் மறைந்து திரிபவனை ஏழைகளின் இரட்சகனாக்கின. கண்காணாத இரட்சகனுக்காகக் காத்திருக்கும் வழக்கத்தைக் கோயிலில் கற்றது போதாதென்று, கொட்டகையிலும் காசு கொடுத்துக் கற்க வேண்டுமா?

விஞ்ஞானம் சொல்வது வேறு. கண்ணின் உள்திரை ஒளியை ஏற்றால்தான் பார்வை உண்டு. ஒளி முழுதும் ஊடுருவிப் போகும் கண் குருட்டுக் கண். முழுதும் மறைந்தவன் பிறரையும் காண மாட்டான். இதற்குச் சான்று ரப்பர்த் தோட்டங்களின் சரித்திரத்திலேயே இருக்கிறது. மரம் சீவியவர் கண்டதெல்லாம் கங்காணி, கிராணி, துரை. முதலாளியோ இலண்டனில் பங்குப் பத்திரமாக இருந்தான். அவன் கண்டது இலாபத்தை மட்டுமே. 1981 செப்டம்பர் 7 இல் குத்ரி கம்பெனி இலண்டன் பங்குச் சந்தையில் சில மணி நேரத்தில் மலேசியர் கைக்கு மாறியது. அன்று பால் வாளி சுமந்தவரை யார் கேட்டார்கள்?

2007 ஏப்ரல் 28 இல் ஈஜோக் சட்டமன்றத் தொகுதிக்கு இடைத்தேர்தல் நடந்தது. அதன் பொருட்டு மட்டும் அமைச்சர் பெருமக்கள் அணியணியாய்க் கண்ணுக்குத் தெரிந்தனர். இனியொரு முறை தெரிவார்களாயின், தோட்ட நிலம் யார் பெயரில் இருக்கிறது, அது விலைபோனால் லயத்துக் குடும்பங்களுக்கு வீடு எங்கே என்று எழுத்தில் கேளுங்கள், தோழர்களே. மைக்காரனிடம் கேட்க வேண்டாம்.