பாமினியை வணங்கி வழியனுப்புவோம்

பாமினி எழுத்துருவைக் குறை சொன்னால் யாழ்ப்பாணத்தில் இன்றும் பலர் முகம் சுளிக்கிறார்கள். அவர்களது பற்றுக்கு நியாயம் உண்டு. தட்டச்சுப் பொறியில் 'யளனக' என்று பழகிய விரல்கள் பெருஞ் சிரமமின்றிக் கணனிக்கு மாறியது பாமினியால்தான். பேஜ்மேக்கரில் பத்திரிகைப் பக்கம் கட்டிய நாள்களில் தமிழுக்கென்று தனி ஏற்பாடு எதுவும் அது கேட்கவில்லை. அச்சில் அதன் வடிவமும் கண்ணுக்கு இதமானது.

ஆனால் பாமினி எழுதியது தமிழல்ல. தமிழ் வேடம் பூண்ட ஆங்கிலம். 'தமிழ்' என்று நாம் காண்பதைக் கணனி ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்றே சேமிக்கிறது. எழுத்துரு இல்லாத கணனியில் வேடம் கலைந்துவிடும். கூகிளில் தமிழில் தேடினால் அகப்படாது. அகரவரிசைப்படுத்தினால் ஆங்கில வரிசையே வரும். பார்வையற்றோருக்கான வாசிப்பு மென்பொருளும் அதைத் தமிழாக வாசிக்காது.

"அச்சுக்கு ஒருங்குறி உதவாது" என்ற வாதம் ஒருகாலத்தில் உண்மை. 1991 இலேயே ஒருங்குறியில் தமிழ் இடம்பெற்றது. விண்டோஸ் 2000 அதை ஏற்றது. பக்க வடிவமைப்பு மென்பொருள்கள்தாம் பின்தங்கின. 2012 இல் இன்டிசைன் சிஎஸ்6 இந்திய எழுத்துகளுக்கு வழிவிட்ட பின்னர் அந்த வாதத்தின் வலு குன்றிவிட்டது.

"பழகிய விசைகள் போய்விடுமே" என்பார்கள். விசைப்பலகை வேறு, குறியீடு வேறு. எ-கலப்பையும் என்எச்எம் ரைட்டரும் பாமினி விசைகளிலேயே ஒருங்குறியில் எழுத வழி செய்தன. விரல்கள் அப்படியே இருக்கட்டும். கோப்பு மட்டும் மாறட்டும்.

1981 இல் எரிக்கப்பட்ட நூலகத்துக்காக ஆண்டுதோறும் கண்ணீர் வடிக்கிறோம். போர்க்காலச் செய்திகளும் மரண அறிவித்தல்களும் ஊர் வரலாறுகளும் பாமினிக் கோப்புகளாக இறுவட்டுகளில் மங்கிக்கொண்டிருப்பதையோ பேசாமல் பார்த்திருக்கிறோம். அந்த நூலகத்தை எரித்தவர்கள் பிறர். இந்த அழிவுக்கு யாரைக் குற்றஞ் சாட்டுவோம்?

பத்திரிகை நிறுவனங்களும் பதிப்பாளர்களும் பழைய கோப்புகளை இப்போதே ஒருங்குறிக்கு மாற்றவேண்டும். மாற்றிகள் உண்டு, மாற்றியபின் மெய்ப்புப் பார்க்க ஆளும் வேண்டும், ஏனெனில் இடையே வரும் ஆங்கிலச் சொற்களை மாற்றி சிதைத்துவிடும். பாமினியின் அழகில் மயங்கியோர் அவ்வடிவத்தை ஒருங்குறியில் வரைந்து தரட்டும். முதல் ஆளாக நானே பயன்படுத்துவேன்.