ஒரே வாசல் வீடு

திருவனந்தபுரத்திலிருந்து பொன்முடிக்குப் போகிறவர்கள் கல்லாற்றைத் தாண்டியதும் மலைப்பாதையின் 22 கொண்டை ஊசி வளைவுகளுக்குத் தயாராகிவிடுவார்கள். அருவியையும் பள்ளத்தாக்கையும் பார்க்கிற அவசரத்தில் சாலையோர ஈரப் பாறையை யாரும் கவனிப்பதில்லை. மழைக்காலத்தில் அங்கே நகர்ந்துகொண்டிருக்கும் நத்தைக்கு ஐந்து நிமிடம் ஒதுக்கலாம்.

நத்தை ஓட்டில் குடியிருக்கிறது என்பது பாதி உண்மைதான். ஓடு அதன் உடம்பிலேயே ஒரு பகுதி. முட்டையை விட்டு வெளியே வரும்போதே முதுகில் குட்டி ஓடு இருக்கும். 'மேன்டில்' என்கிற தோல் மடிப்பு கால்சியம் கார்பனேட்டைச் சுரந்து விளிம்பில் சேர்க்கச் சேர்க்க, சுருள் சுருளாக ஓடு வளர்கிறது. இதயம், நுரையீரல், ஈரல் எல்லாம் உள்ளே பத்திரம். ஆனால் இந்த வீட்டுக்கு ஒரே வாசல். மூச்சு விடும் துளை, கழிவுத் துவாரம் எல்லாமே அந்த வாசலோரம்தான்.

வெளியே தெரியும் சதைப்பற்றான அடிப்பாகம் முழுவதும் பாதம். தசைகள் அலை அலையாகச் சுருங்கி விரிய, தானே சுரக்கும் வழவழப்பின் மீது நத்தை வழுக்கிச் செல்கிறது. நீளமான இரண்டு கொம்புகளின் நுனியில் கண்கள். கீழே உள்ள குட்டைக் கொம்புகள் வாசனைக்கும் ஸ்பரிசத்துக்கும். வாயில் அரம் போன்ற நாக்கு. அதிலுள்ள ஆயிரக்கணக்கான நுண்பற்கள் தேயத் தேய, பின்னாலிருந்து புதிய வரிசை முன்னே வரும். நில நத்தைகளில் பெரும்பாலானவை ஆணும் பெண்ணும் ஒன்றானவை. இரண்டு சேர்ந்தால் இரண்டுமே முட்டையிடலாம். கோடை வந்தால் பல இனங்கள் வாசலை மெல்லிய சவ்வால் அடைத்துவிட்டு மாதக்கணக்கில் தூங்கும்.

இந்தப் பொது அமைப்பு கொண்ட இரண்டு நத்தைகளின் கதை ஒரே மனிதரில் சந்திக்கிறது. கிழக்கிந்தியக் கம்பெனியின் வங்காள அதிகாரி வில்லியம் ஹென்றி பென்சன் ஒரு நத்தைப் பித்தர். மொரீஷியஸிலிருந்து ஆப்பிரிக்க ராட்சத நத்தையைக் கொண்டுவந்து 1847இல் கல்கத்தாத் தோட்டத்தில் குடியேற்றியவர் அவர்தான். மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர வேறெங்கும் இல்லாத 'இந்திரெல்லா ஆம்புல்லா' நத்தையை 1850இல் அறிவியலுக்கு அறிமுகப்படுத்தியவரும் அவரே.

முன்னது இன்று உலகின் மிக மோசமான 100 ஊடுருவல் உயிரினங்களில் ஒன்று. ஒரு முறைக்கு நூற்றுக்கணக்கில் முட்டையிடும். கேரளத்தின் பல மாவட்டங்களில் வாழை, பப்பாளி, காய்கறி என்று எதையும் விடுவதில்லை. மூளை உறையை வீங்கச் செய்யும் எலி நுரையீரல் புழுவையும் சுமக்கக் கூடியது. வெறும் கையால் தொடக்கூடாது. தோட்டத்துக் கீரையை நன்றாகக் கழுவாமல் சாப்பிடக்கூடாது.

பின்னது ஈரக் காட்டின் பரம சாது. மெல்லிய உருண்டை ஓடு. உடல் சிவப்பாகவோ மஞ்சளாகவோ மின்னும். காட்டு நத்தைகள் மட்கும் இலையையும் பூஞ்சையையும் தின்று மண்ணுக்குச் சத்தைத் திருப்புகின்றன. பறவைகளுக்கும் மின்மினிப் புழுக்களுக்கும் இரையாகின்றன.

ஆபத்து எங்கே என்றால், ராட்சத நத்தைக்குப் பயந்தவர்கள் எந்த நத்தையைக் கண்டாலும் உப்பைத் தூவுவதில்தான். ஈரத் தோலிலிருந்து நீரை உறிஞ்சிக் கொல்லும் உப்புக்கு அந்நியன், உள்ளூர்க்காரன் என்ற பேதம் கிடையாது, மண்ணும் கெடும். ராட்சதனை அடையாளம் காண்பது எளிது: பழுப்புக் கோடுகளுடன், கூம்பாக நீண்ட கனமான ஓடு. அதை மட்டும் கையுறையோடு பொறுக்கி உப்புக் கரைசல் வாளியில் போடுங்கள். ஈரச் சாக்கில் முட்டைக்கோஸ் இலையைப் போட்டு வைத்தால் இரவில் தானே வந்து சேரும்.

சிவப்பு உடம்போடு ஒன்று கல்லாற்றுப் பக்கம் சாலையைக் கடந்தால் வண்டியைக் கொஞ்சம் நிறுத்துங்கள். பொன்முடி எங்கேயும் ஓடிவிடாது.