டெக்கான் குயினில் வந்துபோன பேராசிரியர்

மெத்தப் படித்தவர்களுக்கு அரசியல் எதற்கு, ஆராய்ச்சி போதாதா என்று நம்மவர்கள் கேட்பதுண்டு. படித்தவர்கள் பேசுவது நமக்குப் புரியாது என்று ஒதுங்குவதும் நாம்தான். இரண்டுக்கும் பதில் சொல்ல டி.டி.கோசாம்பி ஒருவரே போதும்.

கோவாவில் 1907இல் பிறந்து, அமெரிக்காவின் ஹார்வர்டில் படித்துவிட்டு வந்தவர். மும்பை டாட்டா ஆராய்ச்சி நிலையத்தில் 1962 வரை சுமார் 16 ஆண்டுகள் கணிதப் பேராசிரியர். ஆனால் குடியிருந்தது புனேயில். டெக்கான் குயினில்தான் வேலைக்கு வந்து போனார். ஒரு வழிக்கு 192 கிலோமீட்டர்! வீடு திரும்பிய பிறகு மனிதனிடம் என்ன மிச்சமிருக்கும் என்பதைக் கல்யாண், அம்பர்நாத் ஆட்களைக் கேட்டால் சொல்வார்கள். அவரிடம் நிறையவே மிச்சமிருந்தது.

தட்சசீலத்தில் கிடைத்த பழைய வெள்ளிக் காசுகளைத் தராசில் வைத்து ஒவ்வொன்றாக நிறுத்தார். கைமாறக் கைமாறக் காசு தேயும். தேய்மானத்தைக் கணக்கிட்டால் எது முந்தியது, எது பிந்தியது என்று சொல்லிவிடலாம் என்பது அவர் வாதம். இதைச் சோதிக்க, தம் காலத்தில் புழங்கிய சில்லறைக் காசுகளையும் ஆயிரக்கணக்கில் நிறுத்துப் பார்த்தார். கவுண்டரில் தேய்ந்த காசு வந்தால் எங்களுக்குத் தகராறுதான் வரும். அவருக்குச் சரித்திரம் வந்தது.

அரசியலையும் அவர் விட்டுவைக்கவில்லை. நேரு சிறையிலிருந்து எழுதிய இந்திய வரலாற்று நூலுக்கு 1946இல் மதிப்புரை எழுதினார். நேருவிடம் மரியாதை வைத்துக்கொண்டே, முதலாளி வர்க்கம் வளர்ந்து நிற்பதை அவர் போதிய அளவு பார்க்கவில்லை என்று குறை சொன்னார். 1957இல் வெளியிட்ட கட்டுரைத் தொகுப்புக்கு 'எரிச்சலூட்டும் கட்டுரைகள்' என்று பொருள்படும் பெயரைத் தாமே வைத்தார்.

1960இல் புனே ரோட்டரி சங்கத்தில் பேசும்போது, வெயிலுக்குப் பஞ்சமில்லாத நாடு அணுசக்திக்குக் கொட்டும் பணத்தைச் சூரிய சக்தியில் போடலாமே என்றார். நாட்டின் அணுசக்தித் திட்டத்துக்கே தலைவரான ஹோமி பாபாதான் அப்போது அவருடைய நிலையத்துக்கும் இயக்குநர். மேலதிகாரியின் முகம் பார்த்துப் பேசிப் பழகிய நம்மைப் போன்ற குமாஸ்தாக்களுக்கு, இந்தத் துணிச்சலின் விலை சொல்லாமலே விளங்கும். 1962இல் அவருடைய ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை.

அவர் மார்க்சீயவாதி. எல்லா முடிவுகளையும் ஏற்க வேண்டியதில்லை; காசு ஆராய்ச்சியிலேயே பின்னால் வந்தவர்கள் குறை கண்டிருக்கிறார்கள். எனக்குப் பெரிதாகப் படுவது வேறு. கையில் தடியுடன் புனேயைச் சுற்றியுள்ள குன்றுகளில் நடந்தார். ஆட்டிடையர்களிடமும் குடியானவர்களிடமும் அவர்கள் வணங்கும் தெய்வங்களைப் பற்றி விசாரித்தார். முச்சந்தியில் சிந்தூரம் பூசிய கல்லுக்கும், அருகே மண்ணில் கிடக்கும் கற்காலச் சில்லுகளுக்கும் உறவு தேடினார். மராத்தியில் அந்த மக்களோடு பேச முடிந்ததால்தான் இது கைகூடியது.

நாம் இங்கே 20 வருடம், 30 வருடம் இருக்கிறோம். நம் மாரியம்மனைப் போலவே மராட்டியருக்கு மரிஆயி இருக்கிறாள் என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? பக்கத்து வீட்டுக்காரரிடம் வாடகை, தண்ணீர் தவிர வேறு எதைக் கேட்டிருக்கிறோம்? இங்கே பிறந்த நம் பிள்ளைகளுக்கு ஊர்த் திருவிழாவும் தெரிவதில்லை. இந்த மண்ணின் கதையும் தெரிவதில்லை. நம் சங்கங்கள் ஆண்டு விழாவுக்குச் சினிமாப் பேச்சாளரை விமானத்தில் வரவழைக்கின்றன. அந்தச் செலவில் பத்தில் ஒரு பங்கு போதும், கோசாம்பியின் நூல்கள் நூலகத்துக்கு வந்துவிடும். சில தமிழிலேயே கிடைக்கின்றன.

பிள்ளைகளை ஒரு ஞாயிற்றுக்கிழமை கார்லா குகைக்கு அழைத்துப் போகலாம். பௌத்தக் குகை வாசலிலேயே ஏகவீரா தேவி கோயில். மும்பைக் கரையோரக் கோலி மீனவர்கள் குடும்பத்தோடு வந்து வணங்கும் தெய்வம். கடற்கரை மக்களுக்கு மலைமேல் எப்படித் தெய்வம் வந்தது என்று பிள்ளைகள் அவர்களையே கேட்கட்டும். டெக்கான் குயின் அங்கே நிற்காது. லோனாவலாவில் இறங்கி, புனே லோக்கலில் அடுத்த ஸ்டேஷன் மளவலி.