பத்தியம் இருக்கிறது, கைகள் எங்கே?

சென்ற மாதம் அண்ணனூர் ரயில் நிலையத்துக்கு அருகில் ஒரு வாடகை வீட்டுக்குக் குழந்தை பார்க்கப் போயிருந்தோம். சில ஆண்டுகளுக்கு முன் நம்மிடம் தமிழ் படித்த மாணவியின் வீடு. அறுவைச் சிகிச்சையில் பிள்ளை பெற்றுப் பதினெட்டு நாள் ஆகியிருந்தது. சன்னல்கள் சாத்தியிருந்தன. மின்விசிறி ஓடவில்லை. தலையில் இறுக்கிய துணி, காதில் பஞ்சு. நாளுக்கு இரண்டு தம்ளர் தண்ணீர்தான், அதுவும் வெந்நீர். அலமாரியில் பிரசவ லேகியம். அடுப்பில் பூண்டுக் குழம்பு. பத்தியத்தில் ஒரு குறையும் சொல்ல முடியாது.

ஆனால் நாம் போனபோது குழந்தையின் துணிகளைக் குனிந்து அலசிக்கொண்டிருந்தவள் அந்தப் பெண்தான். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் வேலை பார்க்கும் அவளுடைய அம்மாவுக்குப் பன்னிரண்டு நாளுக்கு மேல் விடுப்புக் கிடைக்கவில்லை. மாமியார் மாலையில் வந்து குழம்பு வைத்துவிட்டுப் போகிறார். கணவரிடம் கேட்டோம். “இதெல்லாம் பொம்பளைங்க பாத்துக்கிறது, ஐயா” என்றார். தீட்டுக் கழியும்வரை அந்த அறைக்குள் அதிகம் போகக் கூடாது என்று பெரியவர்கள் சொல்லியிருக்கிறார்களாம்.

இந்தக் காட்சியை முன்வைத்துத்தான் இதை எழுதுகிறோம். பேறுகாலப் பத்தியம் பற்றித் தமிழில் நடக்கும் விவாதம் இரண்டு கட்சிகளாகப் பிரிந்து கிடக்கிறது. ஒரு கட்சிக்கு முன்னோர் செய்த அனைத்தும் அறிவியல். காதில் வைத்த பஞ்சுக்கும் ஒரு காரணம் தயாராக இருக்கும். மறு கட்சிக்கு அனைத்தும் மூடநம்பிக்கை; மருத்துவமனையிலிருந்து வந்த மறுநாளே எழுந்து வேலை செய்யலாம் என்பார்கள். இரு கட்சியும் சண்டையிடுவது உணவுப் பட்டியலைப் பற்றி மட்டுமே. துணி அலசுவது யார் என்று எவரும் கேட்பதில்லை. நம் வாதம் எளியது. பத்தியத்தின் உயிர் பெற்றவளுக்குக் கிடைத்த ஓய்வில் இருந்தது. அந்த ஓய்வோ பிறர் கைகளால் ஆனது. கைகள் போன பிறகு எஞ்சியிருப்பது விலக்குகளின் பட்டியல்தான்.

இவ்வழக்கம் நமக்கு மட்டும் உரியதன்று. சீனர்கள் இதை ‘மாதம் உட்காருதல்’ என்று பொருள்படும் பெயரால் அழைக்கிறார்கள். குளிர்ந்த நீரைத் தொடுவதில்லை, தலைக்குக் குளிப்பதில்லை, காற்றுப் படக் கூடாது; உணவில் இஞ்சியும் நல்லெண்ணெயும். நம் பாட்டிமார் கேட்டால் பங்காளி வீட்டுச் செய்தி என்றுதான் நினைப்பார்கள். ஆனால் அந்தப் பெயரைக் கவனியுங்கள். உட்காருதல் என்பதே அதன் மையம். சிங்கப்பூர்ச் சீனக் குடும்பங்கள் இதற்கென மலேசியாவிலிருந்து பணிப்பெண்களை வரவழைக்கின்றன. அந்நாட்டு அரசும் குழந்தை பிறந்ததிலிருந்து 16 வாரம் வரை செல்லும் தனி வேலை அனுமதி தருகிறது. அந்த வேலைக்கு அங்கே ஒரு பெயர் உண்டு, கூலியும் உண்டு. காசுள்ளவர்களுக்கே அது எட்டும் என்பதும் உண்மை. நெதர்லாந்தில் அந்தக் குறையும் பெரிதும் இல்லை. பிள்ளை பெற்ற முதல் வாரத்தில் பயிற்சி பெற்ற பேறுகாலப் பணியாளர் வீட்டுக்கே வந்து தாயையும் சேயையும் கவனிக்கிறார், வீட்டு வேலையிலும் கை கொடுக்கிறார். அடிப்படை மருத்துவக் காப்பீடே அதற்குப் பணம் தருகிறது.

நம் இலக்கியத்துக்கு வருவோம். ஈன்ற அண்மையைக் குறிக்கத் தமிழில் ‘புனிறு’ என்று ஒரு தனிச்சொல் இருந்தது. தொல்காப்பிய உரியியல் அதற்குப் பொருள் சொல்கிறது. நற்றிணையின் 40ஆம் பாட்டில் புதல்வனைப் பெற்ற வீடு ஒன்று வருகிறது. காவலுடைய மனையில் மணி ஒலிக்கிறது. பந்தலில் மணல் பரப்பியிருக்கிறார்கள். பாணர் காவல் நிற்கிறார்கள், மகளிர் நற்சொல் கேட்க நிற்கிறார்கள், செவிலியின் பாதுகாப்பில் குழந்தை உறங்குகிறது. வெண்சிறுகடுகாகிய ஐயவியும் நெய்யும் பூசி நீராடிய தாய் கண்ணயர்கிறாள். எத்தனை பேர், எத்தனை கைகள்! கணவனோ நள்ளிரவில் கள்வனைப் போல வந்து சேர்கிறான். வகுப்பில் இப்பாட்டை நாம் பரத்தையின் ஏளனமாக மட்டும் நடத்திவிட்டுக் கடந்திருக்கிறோம். பிள்ளை பெற்ற உடம்பைப் பற்றி ஒரு சொல் சொன்னதில்லை.

அதே ஐயவி புறநானூற்றின் 281ஆம் பாட்டிலும் வருகிறது. அங்கே அது போரில் புண்பட்டவனைக் காப்பதற்காக. ஈன்றவளும் புண்பட்டவனும் ஒரே பொருளால் காக்கப்படுகிறார்கள். அவள் காக்கப்பட வேண்டியவள் என்பதே அதன் பொருள் என்று கொள்கிறோம். தீட்டு என்னும் கருத்தோ இதைத் தலைகீழாக்குகிறது. அதன்படி அவளிடமிருந்து மற்றவர்கள் தம்மைக் காத்துக்கொள்ள வேண்டும். பேறு பார்த்த மருத்துவச்சியையும் அதே தீட்டுதான் வாசலுக்கு வெளியே நிறுத்தியது. பிள்ளையை எடுத்தவள், தாயை வெந்நீரில் குளிப்பாட்டியவள், உடம்பு பிடித்துவிட்டவள். அவளுக்குப் படி அரிசியும் பழம்புடவையும்.

பேறு மருத்துவமனைக்குப் போனதை நாம் குறை சொல்லவில்லை. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழகத்தில் 99.6 விழுக்காட்டுப் பேறுகள் மருத்துவ நிலையங்களில் நடக்கின்றன. அதனால் பிழைத்த உயிர்கள் ஏராளம். ஆனால் அதே ஆய்வின்படி 44.9 விழுக்காடு அறுவைப் பேறுகள். நூற்றில் நாற்பத்தைந்து பேர் வயிற்றில் தையலோடு வீடு திரும்புகிறார்கள். அவர்களுக்காக வீட்டில் காத்திருப்பது யார்? மருத்துவச்சி போய்விட்டாள், அவள் இடத்தில் எவரும் வரவில்லை. அம்மாக்கள் தொழிற்பேட்டைக்குப் போகிறார்கள். போகத்தான் வேண்டும்.

விலக்குகளில் சில வெறும் பயனற்றவை அல்ல, தீங்கானவை. பாலூட்டும் பெண்ணுக்குத் தாகம் மிகும். அவளுக்குத் தண்ணீரை அளந்து கொடுப்பது கொடுமை. சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டிவிட்டுச் சர்க்கரைத் தண்ணீர் புகட்டுவது, சேய்க்கு உரிய முதல் பாதுகாப்பைக் கொட்டுவதாகும். அறுவை முடிந்தவர் படுத்தே கிடந்தால் காலில் இரத்தம் உறையும் அபாயம் உண்டு. சிறிது நடக்கச் சொல்வது அதற்காகத்தான். இவற்றையெல்லாம் கைவிட்டே ஆக வேண்டும். சுறாப் புட்டையும் முருங்கைக் கீரையையும் யாரும் கைவிடச் சொல்லவில்லை. அவற்றைச் சமைத்துக் கொடுக்க ஓர் ஆள் வேண்டும் என்கிறோம்.

சட்டம் என்ன செய்தது? 1961ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டம் 2017இல் திருத்தப்பட்டு விடுப்பு 26 வாரமானது. தமிழக அரசுப் பணியிலுள்ள பெண்களுக்கு 2021 முதல் 12 மாதம். நல்லது. ஆனால் வீட்டு வேலை செய்பவளுக்கும் சிறு கடையில் நிற்பவளுக்கும் அது கானல் நீர். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தின் 18,000 ரூபாய் உதவி பெரிது. பணம் வந்து துணி துவைக்காது. மத்திய அரசின் ஆண் ஊழியருக்குத் தந்தைமை விடுப்பு 15 நாள். தனியார் துறையில் அதைக் கட்டாயமாக்கும் மத்தியச் சட்டமே இல்லை. தந்தை என்பவன் தொட்டில் போடும் நாளுக்கு வந்து போகும் விருந்தாளி என்பதைச் சட்டமும் ஒப்புக்கொண்டிருக்கிறது.

இங்கே நம் பங்கையும் மறைக்க வேண்டாம். நம் வீட்டில் பிள்ளை பிறந்தபோது, தாய்வீட்டுக்கு அனுப்புவது மரபு என்று சொல்லி அனுப்பிவைத்தோம். மூன்று மாதம் நிம்மதியாக விடைத்தாள் திருத்தினோம். அந்த மூன்று மாதமும் நம் மாமியார் எத்தனை மணிநேரம் உறங்கினார் என்று இன்றுவரை நாம் கேட்டதில்லை. மரபு நமக்கு வசதியாக இருந்தது. அந்த வசதிக்குப் பண்பாடு என்று பெயர் வைத்திருந்தோம்.

ஆகவே நாம் கேட்பது இதுதான். தீட்டைக் கழற்றி எறியுங்கள், ஓய்வை வைத்துக்கொள்ளுங்கள். நாற்பது நாள் ஓய்வு தாய்வீட்டின் வசதியைப் பொறுத்த சலுகையாக இல்லாமல் ஒவ்வொரு தாய்க்கும் உரிமையாகட்டும். மகளிர் குழுக்களிலிருந்து பெண்களைத் தேர்ந்து, பயிற்சியும் முறையான ஊதியமும் தந்து, பேறுகால வீடுகளுக்கு அரசு அனுப்பட்டும். அதுவரை கணவன்மார் தீட்டுப் பார்க்காமல் அந்த அறைக்குள் போகட்டும்.

அன்று விடைபெறும்போது அந்தப் பெண் நம்மிடம் மெல்லக் கேட்டாள்: “ஐயா, தண்ணி குடிச்சா வயிறு போட்டுடுமா?” இல்லை, குடி அம்மா என்றோம். தண்ணீர் கொண்டுவர அவளே எழுந்தாள்.