பட்டி பூசினா துரு போயிடுமா?

வாரம் அஞ்சு நாள் பொட்டி தட்டறவனுக்கு, சனிக்கிழமை துரு தட்டறதுல ஒரு சுகம் மக்களே. வண்டியூர்ல எங்க வீட்டு வாசல்ல நிக்கிற அப்பாவோட பிரீமியர் பத்மினிதான் நம்ம ப்ராஜெக்ட். 2001-லயே தயாரிப்பு நின்னாச்சு. மும்பை டாக்சியும் 2023 அக்டோபரோட முடிஞ்சுது. இருக்கறதைக் காப்பாத்தினாத்தான் உண்டு.

முன்னாடி டிங்கரிங் விட்டப்போ புது மாப்பிள்ளை கணக்கா பளபளன்னு வந்துச்சு. ரெண்டு மழை தாங்கல, கதவுக்குக் கீழே பெயிண்ட் கொப்புளமா எழும்பிடுச்சு. காந்தம் வெச்சுப் பார்த்தேன், ஒட்டவே இல்லை. அத்தனையும் பட்டி! ஸ்க்ரூடிரைவரால குத்தினா பொசுக்குனு உள்ளே போகுது.

இது வெறும் அழகுப் பிரச்சினை இல்லீங்க. சென்னையில தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டுக்குத் தனி சேஸிஸ் உண்டு. பத்மினிக்குக் கிடையாது, பாடிதான் எலும்பு. கதவுக்கடியில தகடு செத்தா வண்டியோட பலமே போச்சு. அதனால நல்ல தகடு தெரியற வரைக்கும் வெட்டணும், புதுசு வெச்சு வெல்டு பண்ணணும், பிரைமர் அடிக்கணும். பட்டி கடைசியில, அதுவும் மெல்லிசா.

டிங்கர் அண்ணனை நான் குறை சொல்ல மாட்டேன். "தீபாவளிக்குள்ள வேணும், காசும் கம்மியா"ன்னு கேட்டது நான்தானே? பக்கை மூடி பேட்ச் போட்டு டெலிவரி பண்றவனுக்கு இது புரியாமலா இருக்கும்! பளபளப்பு கேட்டா பட்டிதான் கிடைக்கும்.

ஒரு வருஷத்துல இடது பக்கம் மட்டும் முடிஞ்சிருக்கு. பெயிண்ட் இன்னும் அடிக்கலை. அப்பா தினமும் வந்து விரலால தட்டிப் பார்க்கறார். டங்குன்னு தகரச் சத்தம் கேக்குது. அது போதும்.