மிச்சம் பிடித்த கணக்கு

வரி என்ற சொல்லைக் கேட்டதும் முகம் மலர்ந்த மனிதரை நான் இதுவரையில் சந்தித்ததில்லை. வரியைக் குறைப்பேன் என்று சொல்லுகிறவரைச் சுற்றி ஜனங்கள் கூடுவார்கள். உயர்த்தவேண்டும் என்று சொல்லுகிறவர் தேர்தலில் நிற்காமல் இருப்பதே அவருக்கு நலம். ஆனால் கட்டும் வரிக்கு என்ன கிடைக்கிறது, செலவை வெட்டினால் எது போகிறது என்று கணக்குப் பார்ப்பவர்கள் நம்மில் மிகச் சிலரே. அந்தக் கணக்கைப் பார்ப்பதற்காக இந்த வாரம் நேயர்களைச் சற்றுத் தூரம் அழைத்துப் போக உத்தேசித்திருக்கிறேன். இங்கிலாந்தில் லண்டனுக்கு அடுத்த பெரிய நகரமாகிய பர்மிங்ஹாமுக்கு வாருங்கள்.

அந்த நகரத்தின் பழம்பெருமையை முதலில் சொல்லிவிடவேண்டும். 1873-ல் ஜோசப் சேம்பர்லேன் என்பவர் அங்கே மேயரானார். பிற்காலத்தில் குடியேற்ற நாடுகளின் மந்திரியாகி ஏகாதிபத்தியக் கொடியைத் தூக்கிப் பிடித்தவர் இவர். ஆகையால் அந்தப் பெயர் நமக்கு அவ்வளவாக இனிக்காது. ஆனால் மேயர் சேம்பர்லேன் வேறு மனிதர். நகரத்தின் காஸ் கம்பெனியையும் தண்ணீர்க் கம்பெனியையும் நகர சபையே விலைக்கு வாங்கும்படி செய்தார். காஸ் விற்ற லாபம் நகரத்தின் பொதுச் செலவுக்கு உதவியது. தண்ணீரில் லாபம் பார்க்கக் கூடாது, அது ஜனங்களின் ஆரோக்கியத்துக்காக என்பது கொள்கை. 1885-ல் திறக்கப்பட்ட சித்திரசாலையைக் கட்டுவதற்குக் கைகொடுத்ததும் காஸ் இலாகாவே. ஸ்தல ஸ்தாபனம் என்றால் இப்படி நடக்கவேண்டும் என்று உலகத்தில் பலர் பர்மிங்ஹாமைச் சுட்டிக் காட்டிய காலம் அது.

அதே நகரத்தின் தலைமைப் பொக்கிஷ அதிகாரி 2023-ம் வருஷம் செப்டம்பர் 5-ந் தேதி ஓர் அறிவிப்பு வெளியிட்டார். 1988-ம் வருஷத்து ஸ்தல ஸ்தாபன நிதிச் சட்டத்தின் 114-வது பிரிவின்படி வெளியான அறிவிப்பு அது. அதன் பொருள், வரவுக்குள் செலவை அடக்க முடியவில்லை என்பது. சட்டம் கட்டாயப்படுத்தும் காரியங்களைத் தவிர வேறு புதுச் செலவு கூடாது என்பது. சட்டப்படி அங்கே நகர சபைகள் திவாலாக முடியாது. ஆனால் பத்திரிகைகளும் ஜனங்களும் அந்தச் சொல்லைத்தான் உபயோகித்தார்கள். பதினோரு லட்சத்துக்கு மேல் ஜனத்தொகையுள்ள நகரம்!

இந்த நிலை எப்படி நேர்ந்தது? காரணங்கள் பல. அவற்றில் முதலாவதைக் குடும்ப ஸ்திரீகள் அவசியம் கவனிக்கவேண்டும். நகர சபையில் குப்பை அள்ளுவோர், சாலை வேலை செய்வோர் முதலிய ஆண்களுக்குப் போனஸ் கொடுக்கப்பட்டு வந்தது. அதற்குச் சமமான மதிப்புள்ள வேலை செய்த சமையற்காரிகளுக்கும், பெருக்கித் துடைப்பவர்களுக்கும், வயோதிகர்களைப் பராமரிக்கும் பெண்களுக்கும் அது கிடைக்கவில்லை. அந்தப் பெண்கள் வழக்காடினார்கள். 2012-ல் நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. அதன் பிறகு ஏறக்குறைய 110 கோடி பவுன் கொடுத்தாயிற்று. 2023-ல் இன்னும் 65 முதல் 76 கோடி பவுன் வரையில் பாக்கி இருக்கலாம் என்று நகர சபை மதிப்பிட்டது. அந்த மதிப்பு மிகையானது என்று பின்னர் சர்ச்சையும் எழுந்தது. தொகை எதுவானாலும் நீதி ஒன்றுதான். வருஷக் கணக்கில் பெண்களின் கூலியில் மிச்சம் பிடித்த பணம், ஒரு நாள் கூட்டு வட்டியோடு வாசலில் வந்து நின்றது.

இரண்டாவது காரணம், கணக்கு எழுதுவதற்காக வாங்கிய கம்ப்யூட்டர் ஏற்பாடு. சுமார் 2 கோடி பவுனில் முடியும் என்று நினைத்தது, 10 கோடிக்கு மேல் விழுங்கியது. 2022-ல் அது வந்த பிறகு கணக்கே சரிவரத் தெரியவில்லை. மூன்றாவது காரணம், 2010 முதல் மத்திய சர்க்கார் ஸ்தல ஸ்தாபனங்களுக்குக் கொடுக்கும் மானியத்தைக் குறைத்துக்கொண்டே வந்தது. பணக்கார ஊர்கள் தங்கள் வரியைக் கொண்டு சமாளித்தன. மானியத்தையே பெரிதும் நம்பியிருந்த ஏழை நகரங்கள் தத்தளித்தன.

சர்க்கார் கமிஷனர்களை அனுப்பியது. 2024 மார்ச்சு மாதத்தில் நகர சபை கூடி முடிவு செய்தது: இரண்டு வருஷங்களில் சுமார் 30 கோடி பவுன் வெட்டு, வீட்டு வரி ஒரேயடியாக ஏறக்குறைய 10 சதவீதம் உயர்வு. சாதாரணமாக 5 சதவீதத்துக்கு மேல் உயர்த்துவதானால் ஜனங்களின் வாக்கைக் கேட்கவேண்டும்; இங்கே விசேஷ அனுமதி தரப்பட்டது. தெரு விளக்குகளின் ஒளியைக் குறைப்பது, குப்பையை இரண்டு வாரத்துக்கு ஒரு முறை எடுப்பது, வாசக சாலைகளைச் சுருக்குவது, இளைஞர் சேவையைக் குறைப்பது, சங்கீத நாடக ஸ்தாபனங்களின் மானியத்தை இரண்டே வருஷத்தில் முற்றிலும் நிறுத்துவது என்று பட்டியல் நீண்டது. அடுத்த வருஷம் மறுபடியும் 7 சதவீதத்துக்கு மேல் வரி ஏறியது. 2025 மார்ச்சில் குப்பை ஊழியர்கள் முழு வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். வீதிகளில் 17,000 டன் குப்பை தேங்கியது. அதிக வரி, குறைந்த வெளிச்சம், நிறைந்த குப்பை!

குப்பை எல்லோர் கண்ணிலும் படும், மூக்கிலும் படும். ஆகையால் அதைப் பற்றி உலகமெல்லாம் பேசியது. நான் சொல்ல விரும்புவது கண்ணில் படாத ஒன்றைப் பற்றி.

நம் நாட்டில் குழந்தைப் பாதுகாப்பு மாநில சர்க்காரின் ஏற்பாட்டில் ஜில்லா வாரியாக நடக்கிறது. இங்கிலாந்திலோ, பர்மிங்ஹாம் போன்ற நகரங்களில், குப்பை எடுக்கும் அதே நகர சபைதான் குழந்தைகளையும் காக்கவேண்டும். ஒரு வீட்டில் குழந்தைக்குக் கொடுமை நேருகிறது என்று சந்தேகிக்க நியாயமான காரணம் இருந்தால், நகர சபை விசாரித்தே தீரவேண்டும் என்கிறது 1989-ம் வருஷத்துக் குழந்தைகள் சட்டம்.

சட்டம் இருந்தும், 2008-ல் பர்மிங்ஹாமில் ஏழு வயதுப் பெண் குழந்தை ஒன்று தன் வீட்டிலேயே பட்டினியால் இறந்தது. பள்ளிக்கூடத்தார் முன்னமே கவலை தெரிவித்திருந்தார்கள். அந்த மரணத்தைத் தடுத்திருக்கலாம் என்று 2010-ல் வெளிவந்த விசாரணை அறிக்கை சொல்லிற்று. பல வருஷ காலம் அந்த நகரத்தின் குழந்தைப் பாதுகாப்பைப் பரிசோதகர்கள் “போதாது” என்றே குறித்து வந்தார்கள். 2018-ல் அதற்கென்று தனி ஸ்தாபனம் அமைத்தார்கள். 2023 வசந்த காலத்தில் “நன்று” என்ற சான்று கிடைத்தது. நல்ல ஊழியர்களைச் சேர்த்து, பழக்கி, நிலைக்கச் செய்து அந்த ஒரு சொல்லைப் பெறுவதற்குப் பத்து வருஷங்களுக்கு மேல் பிடித்தது. அதற்குச் சில மாதங்களுக்குப் பிறகு பொக்கிஷம் காலி என்ற அறிவிப்பு வந்தது.

கதவைத் தட்டி விசாரிக்கும் கடமையைச் சட்டம் காக்கிறது. அதை யாரும் அடியோடு நிறுத்த முடியாது. ஆகவே வெட்டு எங்கே விழுகிறது? இளைஞர் கூடத்தில் விழுகிறது; தெருக்கோடி வாசக சாலையில் விழுகிறது; தத்தளிக்கும் தாய்க்கு ஆரம்பத்திலேயே வந்து உதவும் பணிப்பெண்ணின் மீது விழுகிறது. இவை “கட்டாயம் அல்ல” என்பது கணக்குப் பிள்ளையின் வாதம். ஆனால் ஒரு குழந்தை வாடியிருக்கிறது என்று முதலில் கண்டுகொள்ளுகிறவர்கள் யார்? மாலையில் பந்தாட வந்த பையனின் கையில் வடுவைப் பார்க்கும் வாத்தியார். புத்தகம் கேட்டு வந்த சிறுமி தினமும் பசியோடு உட்கார்ந்திருப்பதைக் கவனிக்கும் வாசக சாலை அம்மாள். இவர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டுக் கடமையை மட்டும் வைத்துக்கொள்வது, காவற்காரனை நிறுத்திவிட்டுப் பூட்டை மட்டும் நம்புவது போலத்தான். துன்பம் முற்றிய பிறகு குழந்தையை வீட்டிலிருந்து எடுத்து வளர்க்க ஆகும் செலவு, முன்கூட்டி உதவ ஆகும் செலவைப் போல் பல மடங்கு. இதுவும் மிச்சம் அல்ல, கடன்தான்.

வரியை எல்லையின்றி உயர்த்திவிடலாமா என்றால், அதுவும் நியாயமல்ல. அங்கே வீட்டு வரிக்கு ஆதாரம் 1991-ம் வருஷத்து வீட்டு மதிப்பு. எத்தனை பெரிய மாளிகையானாலும், கடைசிப் படியிலுள்ள சிறு வீட்டின் வரியைப் போல் மூன்று மடங்குக்கு மேல் கிடையாது. சதவீதம் ஏறும்போது யார் முதுகு வளையும் என்று சொல்லத் தேவையில்லை.

இது அயலூர்க் கதை, நமக்கென்ன என்று நேயர்கள் எண்ண வேண்டாம். 1920-ல் சென்னை நகர சபை, பி. தியாகராயச் செட்டியார் தலைமையில், ஆயிரம் விளக்குப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குப் பகல் உணவு போட முடிவு செய்தது. ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஒரு அணாவுக்கு மேல் போகக் கூடாது என்பது திட்டம். ஆரம்பக் கல்வி நிதியிலிருந்து இந்தச் செலவு கூடாது என்று அந்நிய சர்க்கார் மறுத்தபடியால் 1925-ல் அது நின்றுபோயிற்று. அணாவை மிச்சம் பிடித்தார்கள். அந்த அணாவின் அருமையை உணர்ந்து காமராஜர் 1956-ல் மாகாணம் முழுவதற்கும் பகல் உணவைக் கொண்டு வர முப்பது வருஷங்களுக்கு மேல் ஆயிற்று. இடையில் பசியோடு படித்த பிள்ளைகளும், பசியால் படிக்காமல் போன பிள்ளைகளும் எந்த வரவு செலவுப் புத்தகத்திலும் ஏறவில்லை.

அடுத்த முறை நகர சபை பட்ஜெட் வரும்போது, வரி எவ்வளவு ஏறியது என்று பார்த்துவிட்டுப் பத்திரிகையை மடித்து வைக்காதீர்கள். எதைக் குறைத்திருக்கிறார்கள் என்றும் பாருங்கள். அது யாருடைய பங்கு என்று உங்கள் வட்டத்து அங்கத்தினரைக் கேளுங்கள். வரி கட்டுகிறவர்களுக்கு அந்தப் பாத்தியதை உண்டு. வரி கட்ட முடியாத குழந்தைகளுக்காகக் கேட்கவும் வேறு ஆள் கிடையாது.