எல்லையில்லா ஐரோப்பாவா? போங்க சார்!

ஐரோப்பா போய்வந்து பயணக் கட்டுரை எழுதுகிறவர்கள் தவறாமல் எழுதும் ஒரு வரி உண்டு. "காரில் போனோம், அடுத்த நாடு வந்ததே தெரியவில்லை!" 1985-ல் ஷெங்கன் ஒப்பந்தம், 1995-ல் எல்லைச் சோதனை நீக்கம் என்று கூடவே கொஞ்சம் சரித்திரமும் சொல்வார்கள். 2024 செப்டம்பரில் ஜெர்மனி தன் எல்லா நில எல்லைகளிலும் சோதனையைத் திரும்பக் கொண்டுவந்ததே, அதை விடுங்கள். சோதனையே இல்லாத இடத்தில்கூட எல்லை போய்விடவில்லை என்பதுதான் என் கட்சி.

வியன்னாவிலிருந்து ப்ராட்டிஸ்லாவா வழியாக புடாபெஸ்ட் போகிறீர்கள். சுமார் 250 கிலோமீட்டர்தான். நெடுஞ்சாலையில் ஓட முன்பணம் கட்டி வாங்கும் அனுமதிக்கு 'விக்னெட்' என்று பெயர். ஆஸ்திரியாவுக்கு ஒன்று, ஸ்லோவாக்கியாவுக்கு ஒன்று, ஹங்கேரிக்கு ஒன்று. ஒரு பகல் பயணத்துக்கு மூன்று! வாங்க மறந்தால் தடுத்து நிறுத்த சாவடி இருக்காது. கேமரா இருக்கும். அபராதம் வரும்.

மதுவிஷயம் இன்னும் வேடிக்கை. ஆஸ்திரியாவில் சாதாரண ஓட்டுநரின் ரத்தத்தில் லிட்டருக்கு 0.5 கிராம் ஆல்கஹால் வரை போலீஸ் விட்டுவிடும். ஸ்லோவாக்கியாவிலும் ஹங்கேரியிலும் பூஜ்யம். பூஜ்யம்தான் சரி என்பேன். ஆனால் அதே மனிதன், அதே ரத்தம், எல்லை தாண்டியதும் எப்படிக் குற்றவாளி ஆகிறான்?

கார் புகைக்கான யூரோ தரங்களை வகுப்பது ஐரோப்பிய ஒன்றியமேதான். அந்தத் தரப்படி ஆஸ்திரியாவில் பதிவான கார், பெர்லின் நகரின் நடுப்பகுதிக்குள் நுழைய ஜெர்மனியின் பச்சை வில்லையைத் தனியாக வாங்கி ஒட்டவேண்டும்!

"அவனவன் ரோடு, அவனவன் வசூல்" என்பீர்கள். வசூலிக்கட்டும், ஓசியில் ஓட்ட யாரும் கேட்கவில்லை. ஒரே இடத்தில், ஒரே முறையில் கட்டவிடுங்கள் என்கிறோம். நடக்காத காரியமா? ஒன்றியத்துக்குள் உங்கள் ஊர் லைசென்ஸ் எங்கும் செல்லும், இன்சூரன்ஸும் செல்லும். மனமிருந்த இடத்தில் செய்துகாட்டியிருக்கிறார்களே!

மனமில்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் உதாரணம் உண்டு. ஜெர்மனி எல்லாக் கார்களுக்கும் சுங்கம் போட்டு, சொந்த நாட்டுக்காரர்களுக்கு மட்டும் அதை வாகன வரியில் கழித்துவிடத் திட்டம் போட்டது. அதாவது, வெளியூர்க்காரன் தலையில் மட்டும் மிளகாய். ஆஸ்திரியா வழக்குப் போட்டது. 2019 ஜூனில் ஐரோப்பிய நீதிமன்றம் இது பாரபட்சம் என்று சொல்லி, திட்டமே படுத்துவிட்டது.

ஒற்றுமையே இல்லையா என்றால், இருக்கிறது. வேகமாக ஓட்டிய வெளிநாட்டுக் காரின் உரிமையாளர் யார் என்று நாடுகள் தங்களுக்குள் தகவல் பரிமாறிக்கொள்ள 2015-ல் ஒன்றியம் சட்டமே போட்டது. அபராதச் சீட்டு எல்லை தாண்டி வீடு தேடி வரும். விக்னெட் மட்டும் எல்லையோடு நின்றுவிடும்.

தண்டிக்கும்போது ஒரே ஐரோப்பா, வசதி செய்துதரும்போது ஆளுக்கொரு நாடு. இதற்குப் பெயர் எல்லையில்லாமையா? நல்லா இருக்கு சார் நியாயம்!